டிஎல்டியும் கூடப் போகும் மாத்திரைகளும்: ஏஆர்டி கவுண்ட்டரில் பார்த்தவை

கவுண்ட்டர்_ஜன்னல்

எச்ஐவிக்கு ஏஆர்டி (வைரஸை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை) எடுக்கும் ஒரு அம்மா, மாத்திரை டிஎல்டி. இரண்டு வருஷமாக வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) "கண்டறியப்படவில்லை". இந்த முறை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மாத்திரைக் கணக்கில் ஓட்டை இல்லை: 30 கொடுத்து 30 நாளில் டப்பா காலி. ஆலோசகர் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்தாயிற்று. கடைசியில் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஏழு அறை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். ஒவ்வொரு அறையிலும் டிஎல்டி ஒன்று, கால்சியம் ஒன்று, சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை ஒன்று. "காலைல வெறும் வயித்துல மூணையும் ஒரே மடக்குல போட்டுருவேன் சார், அப்பத்தான் மறக்காது."

டிஎல்டியில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இதில் டொலுடெக்ராவிர்தான் உலோகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். வைரஸின் இன்டகிரேஸ் நொதியில் உள்ள மக்னீசியத்தைப் பிடித்துத்தான் அது வேலையே செய்கிறது. அதே குணம் குடலிலும் உண்டு. கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எது பக்கத்தில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்தது குடல் சுவரைத் தாண்டாமல் மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் சேரும் டொலுடெக்ராவிர் கால்சியத்தோடு 39%, இரும்போடு 54% குறைகிறது. மாத்திரைக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

சூத்திரம்: டிஎல்டி முதலில், 2 மணி நேரம் கழித்து மற்றவை. அல்லது மற்றவை முதலில், 6 மணி நேரம் கழித்து டிஎல்டி.

கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் இரண்டு வேளை, இரும்பு ஒரு வேளை. அந்த இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. அதனால் டிஎல்டி காலை 6.30, கால்சியம் 9 மணிக்கு டிபனுக்குப் பிறகு, இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுத்த கால்சியம் இரவு 8. இதில் எதுவும் எதோடும் மோதாது. டிஎல்டியை இரவில் வைத்தால்தான் இடியாப்பச் சிக்கல்.

ஆலோசகர்_மாடிப்படி

இங்கே கால்சியத்தை விடப் பெரிய தலைவலி அந்த ரோஸ் கலர் ஆன்டாசிட் தண்ணி, அதாவது வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்து. "வேற எதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டால் "இல்லை"தான் பதில். போன வாரம் வந்தவரும் அப்படித்தான் சொன்னார். சொல்லும்போதே சட்டைப் பையில் டைஜீன் அட்டை துருத்திக்கொண்டு தெரிகிறது. அது மருந்து இல்லையாம், நெஞ்செரிச்சலுக்கு வாயில் போடுவதாம்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "நெஞ்செரிச்சலுக்கு என்ன குடிப்பீங்க? மலம் இறங்கலைன்னா என்ன எடுப்பீங்க? சத்து டானிக் ஏதாவது உண்டா?" ஜெலுசில், டைஜீன், மில்க் ஆஃப் மக்னீசியா கலந்த மலமிளக்கி, சுக்ரால்ஃபேட் சிரப், மல்டிவைட்டமின், ஜிங்க் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டை டிஎல்டியோடு சேர்த்துக் குடித்தால் டொலுடெக்ராவிர் 74% குறைகிறது. இந்தப் பட்டியலிலேயே மோசம் அதுதான்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரானிடிடின் டிஎல்டிக்குத் தொல்லை தராது. அவற்றில் உலோகம் இல்லை. ஈனோவும் சோடியம் உப்பும் சிட்ரிக் அமிலமும்தான். ஆனால் இரண்டாம் வரிசை மருந்தில் (முதல் மருந்து பலிக்காதபோது மாற்றித் தருவது) அட்டாசனாவிர் எடுப்பவரிடம் இதையே சொல்லிவிடாதீர்கள். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், பான்டோபிரசோல் அதைக் கெடுத்துவிடும். "கேஸ் மாத்திரை போடலாமா?" என்று ஒருவர் கேட்டால், முதலில் அவர் எந்த ஏஆர்டியில் இருக்கிறார் என்று பச்சை புக்கை (நோயாளி கையில் இருக்கும் சிகிச்சைப் பதிவேடு) பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

தென்காசிக்காரன்

நாட்டு மருந்தையும் சேர்த்துக் கேளுங்க. உடம்பு தேற அயச் செந்தூரம் தேனில் குழைத்து, அதே கையோடு டிஎல்டி. அயம்னா இரும்புதானே! சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம் மூணும் கால்சியம். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் என்ன இடைவெளியோ அதையே இதுக்கும் சொல்லிடுங்க. "அதை நிறுத்துங்க"ன்னு சொன்னா அடுத்த தடவை மறைப்பாங்க. நேரத்தை மட்டும் மாத்தச் சொன்னா கேட்பாங்க.

நைட்_டியூட்டி_ஃபார்மா

முதல் பதிவர் சொன்ன 2 மணி, 6 மணி கணக்கு சரிதான். ஆனால் பாதி விஷயத்தை விட்டுவிட்டார். கால்சியமும் இரும்பும் டொலுடெக்ராவிருடன் ஒரே நேரத்தில் போகலாம், சாப்பாட்டோடு போனால். மருந்தின் குறிப்பேட்டிலேயே அது இருக்கிறது. சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தபோது ரத்த அளவு, வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிர் மட்டும் எடுத்ததற்குச் சமமாகவே இருந்தது.

கட்டட வேலைக்கு விடியற்காலை பஸ் ஏறும் ஒரு பெண்ணுக்கு நாலு வேளை அட்டவணை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? கால்சியம் வீட்டிலேயே கிடக்கும், இல்லையென்றால் டிஎல்டி கிடக்கும். ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு டிஎல்டி, கால்சியம் இரண்டும் என்று சொன்னால் ஒரு வரியில் முடிந்தது. ஆன்டாசிட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதற்கு இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

கவுண்ட்டர்_ஜன்னல்

@நைட்_டியூட்டி_ஃபார்மா குறிப்பேடு எனக்கும் தெரியும் சார். அந்தச் சோதனையில் கொடுத்தது ஓரளவு கொழுப்பும் உள்ள முழுச் சாப்பாடு. இங்கே "சாப்பிட்டுட்டுப் போட்டேன்" என்றால் பாதிப் பேருக்கு அது டீயும் ரெண்டு பன்னும். நான் கேட்ட அம்மாவோ அதுவும் இல்லாமல் வெறும் வயிற்றில்தான் போட்டார். இட்லி, சாம்பார் என்று வயிறு நிறையச் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் சேர்த்துப் போடச் சொல்லலாம், மறுக்கவில்லை. தெரியாதவருக்கு இடைவெளிதான் பத்திரம்.

டிபி_வார்டு_சிஸ்டர்

நீங்க ரெண்டு பேரும் கால்சியத்துலயே நில்லுங்க. டிபி மருந்து ரிஃபாம்பிசினைப் பத்தி யாருமே எழுதலையே.

டிபி மருந்து ஆரம்பித்து இரண்டாம் மாதம் வந்தவர் பையிலிருந்து தனி டொலுடெக்ராவிர் டப்பாவை எடுத்து மேசையில் வைக்கிறார். சீல் உடைக்கவே இல்லை. "டிஎல்டியிலயும் இதே பேரு போட்டிருக்கு சிஸ்டர். தெரியாம ரெண்டு தடவை குடுத்துட்டாங்கன்னு திருப்பிக் குடுக்கக் கொண்டுவந்தேன்."

நல்ல மனசு. ஆனா ஒரு மாசம் அரை அளவுல ஓடியிருக்கு. ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டிவிடும், டொலுடெக்ராவிர் வேகமா உடைஞ்சு போயிடும். அதனால்தான் காலை 8 மணிக்கு டிஎல்டி, இரவு 8 மணிக்குத் தனி டொலுடெக்ராவிர் 50 மி.கி. நடுவில் 12 மணி நேரம். "இது கூடுதல் டோஸ், தப்பா வந்தது இல்லை" என்று டப்பா மேலேயே பேனாவால எழுதிக் கொடுங்க.

அடுத்த தப்பு முடிக்கும்போது. டிபி கோர்ஸ் முடிஞ்ச அன்னிக்கே ராத்திரி டோஸையும் நிறுத்திடறாங்க. ரிஃபாம்பிசின் நின்னாலும் அந்தத் தூண்டல் அடங்க ரெண்டு வாரம் ஆகும். ராத்திரி டோஸ் அந்த ரெண்டு வாரமும் போகணும். ஸ்டாக்கும் அதுக்கேத்த மாதிரி கொடுத்து அனுப்பணும், இல்லைன்னா மாத்திரை தீர்ந்ததே நிறுத்தக் காரணமாயிடும்.

வலிப்பு மாத்திரையும் இதே ஜாதி. கார்பமசிபின், ஃபெனிடாயின், ஃபினோபார்பிட்டோன் எடுப்பவர்னா டிஎல்டி எழுதும் முன்னாடியே டாக்டருக்குச் சொல்லணும்.

லேப்_ரிப்போர்ட்

டிஎல்டி தொடங்கின முதல் மாதத்தில் ஒருவருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருள்) 0.9 இருந்தது 1.1 ஆகிவிட்டது. நெட்டில் தேடிப் பார்த்து, கிட்னி போச்சு என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார். டொலுடெக்ராவிர் கிரியாட்டினின் சிறுநீரில் இறங்கும் ஒரு வழியைக் கொஞ்சம் அடைக்கிறது, அவ்வளவுதான். 0.1, 0.2 ஏறி அங்கேயே நின்றுவிடும். வடிகட்டும் வேலைக்கு அதனால் கெடுதல் இல்லை. பயப்படத் தேவையில்லை.

நைட்_டியூட்டி_ஃபார்மா

@லேப்_ரிப்போர்ட் "பயப்படத் தேவையில்லை" என்று மொட்டையாகப் போடாதீர்கள். அதே மாத்திரைக்குள் டெனோஃபோவிரும் இருக்கிறது. அது உண்மையிலேயே சிறுநீரகக் குழாய்களைக் கெடுக்கக்கூடியது.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்ப்பது வீண். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று தெரிய, 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு வந்ததை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 35 வயது, 70 கிலோ, கிரியாட்டினின் 1.2 உள்ள ஆணுக்கு விடை 85. அதே 1.2, ஆனால் 58 வயது, 45 கிலோ ஆள் என்றால் 43-கூட வராது. 50-க்குக் கீழே போனால் டெனோஃபோவிர் இருக்கக் கூடாது. லேப் தாளில் இரண்டு பேருக்கும் "நார்மல்" என்றுதான் அச்சாகி வரும்.

ரத்தச் சர்க்கரை சரியாக இருந்து சிறுநீரில் மட்டும் சர்க்கரை வந்தால், கூடவே புரதமும் வந்தால், டொலுடெக்ராவிர் மேல் பழி போட்டுவிட்டுப் போகாதீர்கள். டெனோஃபோவிரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதோடு சேர்ந்து ஆளைக் கவிழ்ப்பது மூட்டுவலிக்கு மெடிக்கலில் தினமும் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக். வலிக்கு முதலில் பாராசிட்டமால் என்று சொல்லுங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தானாக நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கி வைக்கின்றன. அந்தத் தொற்றும் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் ஈரல் அழற்சி சீறிக்கொண்டு வரும். டெனோஃபோவிரை மாற்ற வேண்டுமானாலும் ஹெபடைடிஸ் பி ரிசல்ட்டைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

லேப்_ரிப்போர்ட்

45 கிலோ கணக்கு நியாயம். எடை எழுதாமல் வரும் ரெக்விசிஷனை (டெஸ்ட் கேட்டு வரும் தாளை) இனித் திருப்பி அனுப்பலாம்.

பஸ்ஸ்டாண்ட்_பக்கம்

லேபிளைச் சுரண்டிய டப்பாகூடப் பரவாயில்லை. ஒரு லாரி டிரைவர் மாத்திரையைக் கொட்டி நியூஸ்பேப்பரில் மடித்து, அந்தப் பொட்டலத்தை லாரி டேஷ்போர்டில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டியபோது நாலைந்து மாத்திரை ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் பொரிந்து கிடந்தது. கிளீனர் பையன் டப்பாவைப் பார்த்துவிடுவானோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. லேபிளை உரித்துக்கொள்ளட்டும், ஆனால் காலாவதி மாதத்தையும் பேட்ச் எண்ணையும் பச்சை புக்கில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை அதே டப்பாவில், மூடி இறுக்கமாக, உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலம் உள்ளேயே. ஈரம்தான் எதிரி, அதனால் பாத்ரூம் அலமாரி வேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மேல் பரண் சுடும், கீழ் அறைதான் சரி. பைக் பெட்டி, டேஷ்போர்டு இரண்டும் ஆகாது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். கூடவே மூன்று நாள் மாத்திரை உபரியாக இருக்கட்டும், லோடு இறங்கத் தாமதமானால் உதவும். அதையும் மீறித் தீர்ந்தால் பச்சை புக்கோடு பக்கத்து ஏஆர்டி மையத்தில் கேட்கலாம். எந்த மையம் என்று தெரியாவிட்டால் 1097-க்கு அடித்தால் சொல்வார்கள், கட்டணம் இல்லை.

சுகர்_கிளினிக்

மெட்ஃபார்மின் காலை 1 கிராம், இரவு 1 கிராம். டிஎல்டி தொடங்கியதும் பேதி, குமட்டல், ஏஆர்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று புகார். டொலுடெக்ராவிர் மெட்ஃபார்மினை வெளியேற விடாமல் ரத்தத்தில் தேக்குகிறது. நாளைக்கு மொத்தம் 1,000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. சர்க்கரை டாக்டர் ஒரு இடம், ஏஆர்டி டாக்டர் ஒரு இடம் என்பதால் இவரிடம் அதையும் அவரிடம் இதையும் யாரும் சொல்வதில்லை. ஏஆர்டி என்று சொல்லத் தயங்குகிறவர், "டொலுடெக்ராவிர் எடுக்கிறேன்" என்று மருந்துப் பெயரையாவது சர்க்கரை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஆலோசகர்_மாடிப்படி

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மறந்த டோஸுக்கு ஆளுக்கொரு விதி சொல்கிறோம்.

இரவு 8 மணி மாத்திரை மறுநாள் காலை 6-க்கு ஞாபகம் வந்தால் உடனே போடலாம், இரவு வழக்கம்போல் அடுத்தது. சாயங்காலம் 5 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது என்றால் அடுத்த டோஸுக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவு. அதை விட்டுவிட்டு 8 மணிக்கு ஒன்று. இரண்டாக எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். இப்படிக் கூடுதலாகப் போனதை ஆலோசகரிடம் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாத்திரைக் கணக்கு உதைக்கும்.

எஃபாவிரென்ஸ் காலத்திலிருந்து எடுப்பவர்கள் "ராத்திரி படுக்கும்போதுதான் போடணும், கொழுப்பு சாப்பிடக் கூடாது" என்பதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய மாத்திரைக்குச் சொன்னது. டிஎல்டியை எந்த நேரத்திலும் சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இன்னும் சொல்லப்போனால் டொலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். "ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது" என்று வருபவருக்குத் தூக்க மாத்திரை எழுதும் முன் டிஎல்டியைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

கீழக்கரை_பாய்

நோன்புக்கு என்ன சொல்றீங்க? ஒருத்தர் ஒரு மாசம் முழுக்க விட்டுட்டு வந்தார், பகல்ல சாப்பாடு இல்லாம போடக் கூடாதுன்னு நினைச்சாராம்.

கவுண்ட்டர்_ஜன்னல்

டிஎல்டி மட்டும் என்றால் பாய், சஹர் (விடியும் முன் சாப்பாடு) நேரத்தில் ஒன்று, முடிந்தது. சாப்பாடு அவசியம் இல்லை. சஹரில் சாப்பிட்டு நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் இஃப்தாருக்குப் பிறகு தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அப்போது சஹர் டிஎல்டிக்கும் அதற்கும் நடுவில் பகல் முழுக்க இருக்கும், அடுத்த சஹருக்கும் 6 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இஃப்தாருக்குப் பிறகு டிஎல்டி போடுபவரானால் ஜெலுசில் அதற்கு 2 மணி நேரம் கழித்து. டிபி மருந்தும் ஓடுகிறது என்றால் நாமாக எதையும் சொல்ல வேண்டாம். இரண்டு டோஸ், 12 மணி நேர இடைவெளி என்று கணக்கு மாறும், நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.