கொரோனாத் தொற்றுக் காலத்தில் வார்டில் நின்றவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி (செவிலியர் மாணவி, கோபிசெட்டிபாளையம்):

வணக்கம். 2021 மே இறுதியில் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையைத் தாண்டியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பணியில் சேரப்போகிறேன். கவச உடையை அணிவதைவிடக் கழற்றும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது வரை கல்லூரியில் கற்றுத்தந்துவிட்டார்கள். அந்த நாட்களில் பணியாற்றிய அக்காமாரும் அண்ணன்மாரும் உண்மையில் எதில் தடுமாறினீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் (செவிலியர், திருப்பூர்):

தங்கையே, நோயாளியோடு பேச முடியாமல் போனதில்தான் மிகவும் தடுமாறினோம். என்-95 முகக்கவசமும் அதன்மேல் முகத்தடுப்பும் போட்டுக்கொண்டு நின்றால் நம் குரல் அடுத்த கட்டிலுக்குக்கூட எட்டாது. ஆக்சிஜன் பாயும் இரைச்சலில் அவர்கள் சொல்வதும் நமக்குக் கேட்காது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் பலர் எங்கள் வார்டில் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. குப்புறப் படுத்தால் நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஆக்சிஜன் அளவு ஏறும் என்பது நமக்குத் தெரியும். மூச்சுக்குத் தவிக்கிறவரைக் காரணம் சொல்லாமல் கவிழ்ந்து படுக்கச் சொன்னால் அவர் எப்படிக் கேட்பார்? தேறிவந்த ஒரு டெய்லர் தன் கட்டிலிலேயே கவிழ்ந்து படுத்துக் காட்டி, மற்றவர்களுக்கு இந்தியில் விளக்கினார். மூச்சு, வலி, தண்ணீர், கவிழ்ந்து படுங்கள், வீட்டுக்குப் பேசுகிறீர்களா என்று அவரிடம் கேட்டறிந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தோம். இன்றைக்குக் கொங்குப் பகுதியின் எந்த ஊரில் பணிக்குப் போனாலும் அப்படி ஓர் அட்டை உங்களுக்குத் தேவைப்படும்.

பதில் (கிராம சுகாதாரச் செவிலியர், காங்கேயம் பக்கம்):

எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு ஒரு சாளை என்று வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். காய்ச்சல் கணக்கெடுப்புக்குப் போனால் நாய்தான் முதலில் வரும். 2020-இல் தொற்று கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்தவர்கள், காய்ச்சல் என்று ஒப்புக்கொண்டால் சொசைட்டியில் தங்கள் பாலை வாங்குவார்களா, தறிக்கு ஆள் வருமா என்று அஞ்சினார்கள். பிழைப்பே அதில் இருக்கும்போது அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆகவே காய்ச்சலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரை இருக்கிறதா என்று பேச்சைத் தொடங்கி, பேசிக்கொண்டே ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டுவேன். "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்ன ஓர் ஆத்தாவுக்கு அது 86 சதவீதம்தான் காட்டியது. மூச்சிரைப்பே தெரியாமல் ஆக்சிஜன் இறங்குவது இந்த நோயின் கொடுமை. அன்றே பெருந்துறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. உறவினர்களிடம் என்ன சொல்வீர்கள்?

பதில் (108 மருத்துவ உதவியாளர், கோவை):

அந்த மே மாதத்தில் படுக்கை காலியாகும்வரை மருத்துவமனை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. 1,500 லிட்டர் கொள்ளும் ஆக்சிஜன் உருளை, நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஓடினால், இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வண்டிக்குள் இருக்கும் மகனும் மனைவியும் அந்த அளவுமானியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். இருப்பு எவ்வளவு நேரம் தாங்கும், மாற்று உருளை எங்கே இருக்கிறது, வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை வண்டிகள் என்பதை அப்படியே சொல்லுங்கள். கோபப்படுகிறவர்கள்கூட அதைக் கேட்டபின் நம்மோடு சேர்ந்து காரியம் பார்ப்பார்கள்.

பதில் (திருப்பூர் செவிலியர், மீண்டும்):

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020-இல் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர்கள் எங்களுக்குச் சமமாக அதே உடையில், அதே வார்டில் நின்றார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி முடிந்தது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. நியமன ஆணை கைக்கு வந்ததும் பணிக்காலம் என்ன, நீட்டிப்பு உண்டா என்ற வரிகளை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.