கிளிநொச்சிப் பக்கம் வீட்டு நிலத்துக்கு மரமும் காபட்டும்: எது நிண்டு பிடிக்கும்?

பரந்தன் பக்கத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பரந்தனுக்குக் கிட்ட வீடு. மாடி இல்லை, ஓட்டுக் கூரை, நிலம் முழுக்கச் சிவப்புச் சீமெந்து இழைச்சு மெழுகு பூசினது. படுக்கை அறை 12 அடிக்கு 14 அடி, ஹோல் 16க்கு 20. அறைக்கு மரநிலம் போட விருப்பம், ஹோலுக்கு காபட்.

கடையில 8 மி.மீ. லமினேற் காட்டி, மாரிக்கும் பயமில்லை எண்டு சொல்லீனம். வீட்டில 1 அங்குல முதிரைப் பலகை கொஞ்சம் அறுத்து அடுக்கிக் கிடக்கு, அதையே போடலாமோ எண்டும் ஒரு யோசினை. கனடாவில இருக்கிற சொந்தக்காரர் சுவருக்குச் சுவர் ஒட்டுற காபட் ரோல் ஒண்டு அனுப்பலாம் எண்டினம். எதை எடுக்கிறது, எதை விடுறது? மழை தொடங்கீட்டுது, தை கழிய வேலையைத் தொடங்கலாம் எண்டு இருக்கிறன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மட்டப்பலகை எழுதியது:

தம்பி, பொருளைப் பிறகு பாருங்கள். முதலில் உங்கள் நிலத்தைச் சோதியுங்கள். வன்னியில் மரநிலம் கெடுவது பெரும்பாலும் மேலே சிந்தும் தண்ணீரால் அல்ல, கீழேயிருந்து ஏறும் ஈரத்தால். மண்ணில் நேரே போட்ட கொங்கிறீற்றுக்குக் கீழே பொலித்தீன் விரிக்காமல் கட்டிய வீடுகள்தான் இங்கே அதிகம். குளம் நிரம்பி வாய்க்கால் ஓடும் காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஆவணியில் சோதித்தால் எந்த நிலமும் காய்ந்ததாகத்தான் காட்டும். கார்த்திகை, மார்கழியில் சோதிப்பதுதான் சோதனை. மழையோடு கேட்டீர்கள், நல்லதாய்ப் போயிற்று.

3 அடிக்கு 3 அடி தெளிவான பொலித்தீன் நான்கு துண்டு வெட்டுங்கள். அறை நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறைச் சுவர் ஓரம் ஒன்று, வெளிச்சம் படாத மூலையில் ஒன்று. மெழுகு இருக்கும் நிலத்தில் ரேப் பிடிக்காது, ஈரத்தையும் மெழுகு கொஞ்சம் மறிக்கும். ஆகவே அந்தந்த இடத்தில் மெழுகை உரஞ்சி எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 48 மணித்தியாலம் விட்டுத் திறவுங்கள். பொலித்தீனின் அடிப்பக்கம் துளி துளியாக நின்றாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது மட்டம். மேசன்மார் பாவிக்கும் 6 அடி அலுமினியச் சட்டத்தை நிலத்தில் வைத்து எல்லாத் திசையிலும் திருப்பிப் பாருங்கள். கீழே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாமல் பொருத்தினால் நடக்க நடக்கப் பலகை மேலும் கீழும் ஆடும். ஒரு வருடத்துக்குள் பலகையைப் பலகையோடு கொழுவும் பூட்டு உடைந்து மூட்டு திறக்கும். நிரப்பும் கலவையும் பசையும் மெழுகில் பிடிக்காது, ஆகவே அவை படும் இடமெல்லாம் மெழுகைச் சுரண்டியே ஆக வேண்டும்.

வெளியே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முற்றத்துக்குக் கிரவல் போட்டுப் போட்டு உயர்த்தியதில் வெளிநிலம் உள்நிலத்தோடு ஒரு மட்டத்துக்கு வந்துவிட்ட வீடுகள் எத்தனையோ. வெளிநிலம் ஆகக் குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் பீலி போட்டு அப்பால் விடுங்கள். இதைச் செய்யாமல் உள்ளே எந்த விலைக்கு மரம் போட்டாலும் வீண்காசு.

மரக்காலை எழுதியது:

முதிரையைப் பற்றிச் சொல்லுறன். வன்னியில அதைவிட அழகான பலகை இல்லை, நிலத்துக்குத் தேவையான உறுதியும் இருக்கு. ஆனால் தச்சருக்கு வேலை கூட. இழை ஒண்டுக்கொண்டு மாறி ஓடும், சீவேக்க பிடுங்கும், அலகு கெதியா மழுங்கும். துளை போடாமல் ஆணி அடிச்சால் பலகை வெடிக்கும், இல்லாட்டி ஆணி வளையும்.

பெரிய கேள்வி காய்ஞ்சிருக்கோ எண்டதுதான். கூரைக்குக் கீழ, நிலத்தில இருந்து ஒரு அடி உயர்த்தி, 2 அடிக்கு ஒரு முக்கால் அங்குலச் சிலாகை இடையில வைச்சு அடுக்கினதோ? அப்பிடியெண்டால் 1 அங்குலப் பலகைக்கு ஒரு வருசம் கணக்கு. ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டி அடுக்கிக் கிடந்தால் எத்தனை வருசமானாலும் நடுப்பலகை காயாது. ஈரம் பாக்கிற மீற்றர் இருந்தால் நல்லம். இல்லாட்டி நடுவில இருந்து ஒரு பலகையை எடுத்துக் கடைத் தராசில நிறுத்து எழுதி வையுங்கோ. மாதம் ஒருக்கா நிறுங்கோ. நிறை குறையிறது நிண்டால்தான் அது காய்ஞ்ச பலகை.

மரம் நீளத்தில அசையாது, அகலத்திலதான் விரியும், சுருங்கும். அமைதியான மரம் எண்டு பேரெடுத்த தேக்கையே எடுங்கோ. பலகையின்ர ஈரம் 4 சதவீதம் ஏறினால், 12 அடி அகலத்துக்கு எல்லாமாக ஒரு அங்குலமளவு விரியும். முதிரை அதைவிடக் கூட அசையும். கோடையில எலும்பாய்க் காய்ஞ்ச பலகையை இறுக்கி அடிச்சால், மார்கழியில நடு அறையில கூரை மாதிரி எழும்பி நிக்கும். ஈரத்தோட அடிச்சால் ஆடியில பலகைக்கு இடையில காசு விழும். இடைவெளியைப் பொறுக்கலாம், எழும்பினதைப் பொறுக்கேலாது. நீங்கள் சொன்ன தை கழிஞ்ச காலம், மாசி பங்குனி, சரியான நேரம்தான். பலகை அகலம் 3 அங்குலத்துக்கு மேல போகவேண்டாம். சுவரோரம் நாலு பக்கமும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கோ. மறைக்கிற ஓரச்சட்டத்தைச் சுவரில அடிக்கவேணும், பலகையில அடிக்கக்கூடாது. பலகையோட சேத்து அடிச்சால் விட்ட இடைவெளிக்குப் பிரயோசனமில்லை.

கறையானை மறக்காதேங்கோ. சட்டம் பரவி அதுக்கு மேல பலகை அடிச்சால் கீழ ஒரு இருட்டுப் பொந்து வருது, அது கறையானுக்கு நாங்களே திறந்துவிட்ட வழி. சுவரும் நிலமும் சேருற வெடிப்புக்குள்ளாலதான் அது ஏறும். எல்லா வெடிப்பையும் அடைச்சு, மருந்தடிச்சு, பிறகு வேலை. முதிரையில வைரத்தை மட்டும் எடுங்கோ. ஓரத்து வெள்ளை உளுத்துப் போகும், அதை வெட்டி எறியிறதுக்கு மனம் வராது, ஆனால் எறியத்தான் வேணும்.

168 சதுர அடிக்கு வெள்ளையும் வெடிப்பும் கழிய 210 சதுர அடி அளவு பலகை கையில இருக்கவேணும். குறைஞ்சால் வெளியில வாங்கிற மரத்துக்கு மரக்காலையின்ர பற்றுச்சீட்டையும் கொண்டுவாற அனுமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கோ. முதிரைக்கு வழியில மறிப்பினம்.

பூட்டுப்பலகை எழுதியது:

லமினேற்றுக்கு மாரிப் பயம் இல்லை என்பது பிழை. அதன் உடம்பு எச்.டி.எப்., அதாவது அழுத்திய மரநார். மேல் முகம் தண்ணீரைத் தாங்கும், மூட்டு தாங்காது. மூட்டில் தண்ணீர் நின்றால் விளிம்பு ஊதி வரம்பு மாதிரி எழும்பும், காய்ந்தாலும் பழையபடி படியாது. கறையானும் தின்னும். மொப்பைத் தண்ணீரில் தோய்த்துத் துடைக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

கீழ்த்தளம், சிவப்புச் சீமெந்து, மாரி ஈரம், இந்த மூன்றுக்கும் என் தெரிவு எஸ்.பி.சி. வைனில் பலகை. சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்ந்தது. ஊதாது, கறையான் தின்னாது. 5 மி.மீ. கனமும் மேல் தேய்மானப் படை 0.5 மி.மீ.யும் பாருங்கள். 0.3 படுக்கை அறைக்குக் காணும், மண்காலோடு நடக்கும் ஹோலுக்குக் காணாது. வெயில் நேரே விழும் யன்னலடியில் அதுவும் விரியும், ஆகவே அங்கே திரைச்சீலை வேண்டும். ஓரம் 8 மி.மீ. விடாமல் பொருத்தக் கூடாது.

கணக்கு: 168 சதுர அடிக்கு 10 சதவீதம் வெட்டுக் கழிவு சேர்த்து 185 சதுர அடி, 17 சதுர மீற்றரை விடச் சற்றுக் கூட. பெட்டியில் எழுதியிருக்கும் சதுர மீற்றரால் பிரித்து மேல்நோக்கி முழுப்பெட்டியாக எடுங்கள். எல்லாப் பெட்டியிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மாறும்.

முதல் வரிசை போடுமுன் கடைசி வரிசையைக் கணக்குப் பாருங்கள். 12 அடி என்பது 3658 மி.மீ. இரண்டு ஓரத்துக்கும் 16 கழித்தால் 3642. பலகை 180 அகலமானால் 20 வரிசைக்கு 3600 போகும், கடைசிக்கு 42 மி.மீ. கீலம்தான் மிஞ்சும். அந்தக் கீலம் பூட்டில் நிற்காது. அதனால் முதல் வரிசையையே நீளவாக்கில் கிழித்து 111 ஆக்குங்கள், கடைசியும் 111 ஆகிவிடும். அறையின் நான்கு மூலையும் சரியாக இருப்பது அபூர்வம், இரண்டு முனையிலும் அளந்து பார்த்துத்தான் கிழிக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசையின் முட்டு மூட்டுகள் ஒரு அடியாவது தள்ளி விழட்டும்.

கீழே 1000 கேஜ் பொலித்தீன், 8 அங்குலம் மேவ வைத்து ரேப் ஒட்டுங்கள். மேலே 1 முதல் 1.5 மி.மீ. வரை அடர்த்தியான விரிப்பு போதும். மெத்தென்று இருக்கட்டும் என 3 மி.மீ. பஞ்சு போட்டால் பூட்டு உடையும். சில பலகைக்கு அடியிலேயே விரிப்பு ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே இரண்டாவது விரிப்பு போடக் கூடாது.

வவுனியா அக்கா எழுதியது:

ஒட்டுற காபட் ரோல் வேண்டாம் எண்டு இண்டைக்கே சொல்லிவிடுங்கோ. அது குளிர் நாட்டுக்கு, நிலம் காய்ஞ்ச வீட்டுக்கு. இஞ்ச ஒட்டினால் கீழ வாற ஈரம் வெளியேற வழியில்லை. முதல்ல மணக்கும், பிறகு பூஞ்சணம். முதுகில இருக்கிற லேற்றெக்ஸ் பால் பொடிஞ்சு மாவாய்க் கொட்டும். கறையான் கீழால வந்து சணல் முதுகைத் தின்னுறது மேல தெரியவே தெரியாது. சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில கதவைத் திறந்தால் வாற புழுதியை ஒட்டின காபட்டுக்குள்ளால எடுக்கேலாது.

தூக்கி உதறக் கூடிய துண்டுக் காபட் எடுங்கோ. உங்கட ஹோலுக்கு 6க்கு 9 அடி போதும். செற்றியின்ர முன்கால் மட்டும் அதில ஏறி நிக்கவேணும். முழுச் செற்றியும் ஏறினால் கிழமைக்கு ஒருக்கா ஆர் தூக்கிறது?

நூல் என்னெண்டு பாக்க, ஓரத்தில ஒரு இழை பிடுங்கி நெருப்புக் காட்டுங்கோ. தலைமயிர் எரியிற மணமும் நசிச்சால் பொடியாகிற சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கட்டியானால் செயற்கை நூல். மெழுகுதிரி மணம் வந்தால் பொலிபுறொப்பிலீன். கம்பளி தன்ர நிறையில 3ல 1 பங்கு வரைக்கும் ஈரத்தைக் குடிச்சாலும் தொட்டால் ஈரம் தெரியாது, பூச்சியும் பிடிக்கும். மாரிக்குப் பொலிபுறொப்பிலீன் சுகம், தண்ணி குடிக்காது, விலையும் குறைவு. கால்பட்ட இடம் படிஞ்சு போறதுதான் அதின்ர குறை. நைலோன் நிமிர்ந்து நிக்கும், விலை கூட. காபட்டின்ர மயிர் அரை அங்குலத்துக்கு உள்ள இருக்கட்டும், நீளம் கூடினால் மண் அடியில தங்கி வேரை வெட்டும்.

கிழமைக்கு ஒருக்கா சுருட்டிக் கீழ கூட்டுங்கோ. மாதம் ஒருக்கா முகத்தைக் கீழ போட்டுக் கொடியில போட்டு, முதுகில தட்டி, காலமை வெயிலில இரண்டு மூண்டு மணித்தியாலம் விடுங்கோ. தேத்தண்ணி ஊத்தினால் உரஞ்சாதேங்கோ, வெள்ளைத் துணியால ஒத்தி எடுங்கோ. பிறகு இரண்டு கோப்பைத் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவுற திரவம் கலந்து ஒத்துங்கோ.

எஸ்.பி.சி.க்கு மேல விரிக்கிறதெண்டால் றப்பர் முதுகு வேண்டாம், வைனிலில மஞ்சள் கறை ஏறும், அது போகாது. துணி முதுகு எடுங்கோ. வாசலுக்கு வெளியில ஒரு தும்புக் கால்மிதி, உள்ள ஒரு துணிக் கால்மிதி. மண்ணை அங்க நிப்பாட்டினால் நிலமும் காபட்டும் இரண்டும் தப்பும். படுக்கை அறைக்குப் பனையோலைப் பாயோ பருத்தி ஜமுக்காளமோ காணும், தோய்க்கலாம், காயும்.

பரந்தன் பக்கத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பொலித்தீன் நாலையும் ஒட்டித் திறந்தாச்சு. மூண்டு காய்ஞ்சிருக்கு, குளியலறைச் சுவரோரம் மட்டும் அடியில துளி. எஸ்.பி.சி. எண்டு முடிவு. முதிரையை என்ன செய்யிறது? கதவு நிலத்தில உரஞ்சுமோ?

மட்டப்பலகை எழுதியது:

அந்தக் குளியலறையை இரண்டு நாள் பாவிக்காமல் விட்டு, அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள். துளி வராவிட்டால் நிலத்தடி ஈரம் இல்லை. குளியலறை நிலமும் சுவரும் சேரும் மூட்டோ கழிவுக் குழாயோ கசிகிறது. அதைத் திறந்து திருத்தி, காய்ந்த பிறகு இன்னொருமுறை சோதித்துவிட்டுப் பலகையைக் கொண்டு வாருங்கள். துளி வந்தால் குழாய் அடைத்த நிலையில் தண்ணீர் மீற்றர் ஓடுகிறதா, தாங்கி இறங்குகிறதா பாருங்கள். அப்படியானால் சுவருக்குள் போகும் குழாய் கசிகிறது. இல்லாவிட்டால் அந்தப் பக்க வெளிநிலத்தைத் தோண்டித் தாழ்த்த வேண்டும்.

மரக்காலை எழுதியது:

முதிரையை ஓரச்சட்டத்துக்குச் சீவுங்கோ. 3 அங்குல உயரம், அரை அங்குலக் கனம். அறையின்ர சுற்று 52 அடி, கதவு வாய் கழிச்சு 49 அடி காணும். மிச்சம் கிடந்தால் கதவு வாசல் படிக்கும் யன்னல் விளிம்புக்கும் அதையே எடுங்கோ.

பூட்டுப்பலகை எழுதியது:

5 மி.மீ. பலகையும் விரிப்பும் சேர்த்து 6.5 மி.மீ. ஏறும். கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் 10 மி.மீ. இல்லாவிட்டால் கதவைக் கழற்றி அடியைச் சீவ வேண்டும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டாதீர்கள், எப்போதும் இடைவெளி தெரியும். வெட்டுத்துண்டு ஒன்றை விரிப்போடு சேர்த்துக் கவிழ்த்து நிலையோரம் வைத்து, அதன் மேல் வாளைப் படுக்கவைத்து நிலையின் அடியை அறுத்தால், பலகை அந்த வாய்க்குள் சரியாக நுழைந்துவிடும்.