'நிலப்பிரபு' வேண்டாம், 'வலியார்' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், சட்டங்களில் வரும் 'துனதோய்' என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழில் 'நிலப்பிரபுக்கள்' என்று எழுதலாம் என இங்கே பரிந்துரைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 'ஜமீன்தார்' இன்னும் பொருந்தாது. மூலச்சொல்லின் நேர்ப்பொருள் 'வல்லமை உடையோர்'. அதில் நிலம் என்ற பேச்சே இல்லை.

பேரரசர் முதலாம் ரோமானோஸ் 934இல் பிறப்பித்த சட்டம், உயர்பதவியினர், செனட்டினர், ஆயர்கள், மடத்தலைவர்கள் என்று இவர்களை வரிசையாகச் சொல்கிறது. 927-28 குளிர்காலப் பஞ்சத்தில் உழவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு விற்ற நிலத்தை இவர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தார்கள். விற்பவரைப் பணியவைக்கும் செல்வாக்கு இருந்ததால்தான் அது முடிந்தது. நிலம் பின்னால் வந்தது, பதவிதான் முதல்.

கப்படோக்கியாவின் (இன்றைய துருக்கியின் நடுப்பகுதி) ஃபோக்காஸ் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தளபதிகள். நிகெபோரோஸ் ஃபோக்காஸ் 961இல் கிரீட் தீவை மீட்டார், 963இல் பேரரசரானார். 967இல், வலியாரின் நிலத்தை எளியார் முன்னுரிமை கோரி வாங்க முடியாதபடி சட்டத்தையே திருத்தினார். 969இல் அவரைக் கொன்று அரியணை ஏறியவர் சொந்தச் சகோதரியின் மகன்.

பேரரசர் இரண்டாம் பசிலுக்கு எதிராக அதே குடும்பத்துப் பர்தாஸ் ஃபோக்காஸ் எழுந்தது 987இல். 989 ஏப்ரலில் அபிடோஸ் களத்தில் பேரரசரை நோக்கிக் குதிரையை விரட்டிப் போனவர், பாதியில் திரும்பி, இறங்கித் தரையில் படுத்தார்; உயிர் போய்விட்டது. 996இல் பசில் வெளியிட்ட சட்டம் ஃபோக்காஸ், மலெய்னோஸ் குடும்பங்களைப் பெயர் சொல்லியே சுட்டுகிறது. 1022இல் கடைசியாக ஒரு ஃபோக்காஸ் கிளர்ந்தெழுந்து கொல்லப்பட்டார். 'நிலப்பிரபு' என்று எழுதினால் இந்த வீழ்ச்சி புரியவே புரியாது. படைத்தலைமை கைவிட்டுப் போனதும் மற்றதும் போயிற்று.

'பெருங்குடியினர்' அழகான சொல்தான். ஆனால் பிறப்பை மட்டுமே சொல்கிறது. மடத்தலைவரை அதில் அடக்க முடியாது.

ஆகவே 'வலியார்'. குறளிலேயே 'மெலியார்' என்ற இணையோடு வரும் சொல். உடல்வலிமை என்று மயங்குவார்களே என்பவர்கள், 'வலியார் முன்' என்று சொல்லிப் பாருங்கள். அதிகாரம்தான் நினைவுக்கு வரும். எதிர்ச்சொல்லான 'பெனேதெஸ்' என்பதற்கு 'ஏழைகள்' வேண்டாம், ஏனெனில் அவர்களுக்கும் சொந்த நிலம் உண்டு. 'எளியார்' போதும்.

எளியாரின் வரிநிலுவையை வலியார் தலையில் பசில் சுமத்தினாரே, அந்த 'அல்லெலெங்கியோன்' முறைக்கு 'பிணைவரி' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.