கூட்டாளி கேட்ட ஒரு கேள்வி, பதில் சொல்லத் தெரியலை

பூண்டுக்காட்டான்:
ஊர் வட்டவடை, கேரளாவுல மூணாறைத் தாண்டி, தமிழ் ஆளுங்க இருக்கிற மலைக் கிராமம். வீட்ல பூண்டு, கேரட் போடறோம். எர்ணாகுளத்துல ஹாஸ்டல்ல மூணு வருஷம் இருந்தேன். ரூம்ல பர்ஸ் காணோம்னா முதல்ல என் பெட்டியைத்தான் திறப்பாங்க. பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'எடா பாண்டி'தான். தமிழன்னு மட்டம் தட்டிக் கூப்பிடறது.

போன வாரம் இதை எங்க ஊர்க் கூட்டாளிகிட்டப் புலம்பிட்டு இருந்தேன். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து கூடப் படிச்சவன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சின்னப் பிள்ளையில நீ எங்கடா முடி வெட்டுவ?"ன்னான். கடைவீதியிலன்னேன். "நான்?"

தெரியலை. சத்தியமா தெரியலை. அவன் சக்கிலியர் வீட்டுப் பையன். அவங்க அப்பாதான் வாசல்ல உக்காரவெச்சு வெட்டிவிடுவாராம். விசேஷம்னா மூணாறுக்கு ஜீப், 40 கிலோமீட்டர் சொச்சம். 2020-ல பஞ்சாயத்தே எல்லாருக்கும் பொதுவா சலூன் திறந்தப்போ பேப்பர்ல வந்துச்சு. அப்பவும் 'ஊர் பேரு கெட்டுப்போச்சே'ன்னுதான் எனக்குத் தோணுச்சு.

இப்ப அவன்கிட்ட என்ன பேசறது? மன்னிப்புக் கேட்டா நாடகம் மாதிரி இருக்குமோ?

குமுளி ஜீப்:
தம்பி, இங்க நாமளே நாலு பேரு. இதைக் கிளறினா நம்மளைப் பாண்டிங்கறவனுகளுக்குத்தான் கொண்டாட்டம். 2015-ல பெம்பிளை ஒருமைன்னு நம்ம டீ எஸ்டேட் பொம்பளைங்க போனஸ் கேட்டு மூணாறு ரோட்ல உக்காந்தாங்களே, ஜாதி பாத்தா உக்காந்தாங்க? 20 சதவீதம் வாங்கினாங்களா இல்லையா?

லயத்துப் பையன்:
அண்ணாச்சி, எங்கம்மா அந்த ரோட்ல ஒன்பது நாளும் உக்காந்தவங்க. 8.33 போனஸ், மிச்சம் 11.67 கருணைத்தொகை, அதையும் சேத்துத்தான் 20. கொழுந்து கிள்ளுறதுல பெரும்பாலும் தலித் பொம்பளைங்கதான்னு உங்களுக்கே தெரியும். ஜாதி பாக்காம உக்காந்தாங்கன்னு வெளியில நின்னு சொல்றது சுலபம்.

எனக்கு இன்னும் ஜாதி சர்டிபிகேட் கிடைக்கலை. கேரளா, தமிழ்நாடு ரெண்டு எஸ்.சி. பட்டியல்லயும் எங்க ஜாதி இருக்கு. ஆனா தாத்தா 1950-க்கு முன்னாடியே இங்க வந்ததுக்குக் காகிதம் வேணுமாம். எஸ்டேட்டுக்கு ஆள் சேக்கற கங்காணி கூட்டிட்டு வந்த ஆளுக்கு என்ன காகிதம் இருக்கும்? நாங்க இருக்கிற லயம் எஸ்டேட் கம்பெனி வீடு, அதுக்குப் பட்டாவா இருக்கு? வில்லேஜ் ஆபீஸ்ல 'உங்க ஊர்ல போய் வாங்கு'ங்கறாங்க. சங்கரன்கோவில் பக்கம் போனா 'நீ கேரளாக்காரன்'ங்கறாங்க.

பூண்டுக்காட்டு அண்ணே, மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அவன் உங்க வீட்டுக்கு வந்தா எதுல டீ குடிப்பான்?

பூண்டுக்காட்டான்:
ராத்திரி பூரா இதைத்தான் யோசிச்சேன் தம்பி. அவன் வந்தா மட்டும் அம்மா பேப்பர் கப்ல தருவாங்க. கழுவச் சோம்பல்பட்டுத் தர்றாங்கன்னு நினைச்சிருந்தேன். காலையில அலமாரியைத் திறந்து பார்த்தேன். அம்பது கப் பாக்கெட், பாதி தீர்ந்திருக்கு. எங்க வீட்ல வேற யாரும் பேப்பர் கப்ல குடிக்கிறதில்லை.