கார்சொம்புக்கு எந்த இயல்பு? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். போக்கிமோன் ஸ்கார்லெட் வீடியோ கேமில் இரட்டையர் ஆட்டத்துக்கு (ஒரே நேரத்தில் இரண்டு போக்கிமோன் இறங்கும் ஆட்டம்) டிராகன், நிலம் வகைப் போக்கிமோனான ஒரு கார்சொம்ப் வளர்த்திருக்கிறேன், அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். பயிற்சிப் புள்ளிகளில் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252, மிச்சம் 4 உயிருக்கு. வேகத்தைக் கூட்டும் ஜாலி இயல்பு என்றால் 50ஆம் லெவலில் வேகம் 169, தாக்குதல் 182. தாக்குதலைக் கூட்டும் அடமன்ட் என்றால் வேகம் 154, தாக்குதல் 200. எதை விடுவது?

பனி அடிதான் பெரிய தலைவலி, நான்கு மடங்கு விழுகிறது. சியென்பாவ் என்ற வேகமான பனிப் போக்கிமோன் முந்திக்கொண்டு ஒரே அடியில் சாய்த்துவிடுகிறது. டெரா ஸ்டீல் போட்டு ஆட்டத்தின் நடுவே எஃகு வகையாக மாற்றவா, முழு உயிரோடு இருக்கும்போது ஒரே அடியில் சாயாமல் காக்கும் ஃபோக்கஸ் சாஷ் கொடுக்கவா? அப்புறம், கார்சொம்பின் நில அடியான எர்த்குவேக் நம் துணையையும் அடிக்கும் என்பதால், அது படாத பறக்கும் போக்கிமோன் டிராகனைட்டைப் பக்கத்தில் நிறுத்துகிறேன். ஆனால் அதற்கும் பனி நான்கு மடங்கு! வேறு நல்ல துணை எது?

ஞாயிற்றுக்கிழமை செம்பனைத் தோட்டத்துத் தம்பிகளோடு ஆட்டம். அதற்குள் சொன்னால் மின்ட் என்ற பொருளை வாங்கி இயல்பை மாற்றிவிடுவேன்.