சொப்ரானோவுக்குத் தமிழில் என்ன சொல்?

இரா. மு. எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் ஓபராவின் (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) சொப்ரானோ பாத்திரங்களையும் அவற்றின் பெயர்பெற்ற ஒலிப்பதிவுகளையும் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஓர் இசைக் காலாண்டிதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரும்பகுதி முடிந்துவிட்டது. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று, சொப்ரானோ. பெண்குரல்களில் மிக உயர்ந்த எல்லையில் பாடுவது. அப்படியே எழுதுவதா, தமிழாக்குவதா?

இரண்டாவதுதான் பெருந்தொல்லை. ஜெர்மானியர் சொப்ரானோவுக்குள்ளேயே பல வகை பிரிக்கிறார்கள். துள்ளலான பணிப்பெண் வேடங்களுக்கு ஒன்று, மென்மையான பாட்டுக்கு ஒன்று, வேகச் சங்கதிகளுக்கு ஒன்று என்று போய், கடைசியில் 'ஹோக்டிராமாட்டிஷ்' என்று ஒன்று. வாக்னரின் புரூன்ஹில்டே, ஐசோல்டே, ஸ்ட்ராஸின் எலெக்ட்ரா எல்லாம் இதில் வரும். இந்தப் பிரிவுகளுக்குப் பொதுப்பெயர் 'ஃபாக்'. வரைவில் ஹோக்டிராமாட்டிஷை 'உயர்நாடகக் குரல்' என்று போட்டு வைத்திருந்தேன். படித்துப் பார்த்த என் தங்கை, "உயர்ந்த தரத்து நாடகமா?" என்று கேட்டாள். அன்றே அடித்துவிட்டேன்.

உதவுங்கள்.

பேரா. ச. வே. (தஞ்சாவூர்) எழுதியது:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். வலிவு, மெலிவு, சமன் என்று மூன்று நிலை. பிற்காலத்தார் தாரம், மந்தரம், மத்திமம் என்று சொல்லும் மூன்று தாயிகளும் (ஸ்தாயிகளும்) இவையே. மேல் தாயியில் நின்று பாடுகிறவளின் குரல் வலிவுக்குரல். இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொப்ரானோ என்பது இத்தாலியச் சொல். 'மேலே' என்ற பொருளுடையது. இலத்தீனில் சூப்பர், கிரேக்கத்தில் ஹைப்பர், வடமொழியில் உபரி. நம்மிடம் உம்பர்! ஒலியும் பொருளும் ஒன்றிவருவதைப் பாருங்கள். உம்பர்க்குரல் என்றாலும் தகும். கவிதைக்கும் ஆகும்.

த. இ. (கோவை) எழுதியது:

> நம்மிடம் உம்பர்!

ஐயா, உங்களிடம் இலக்கணம் படித்தவன் என்ற உரிமையில் மறுக்கிறேன். இம்பர், அம்பர், உம்பர் மூன்றும் சுட்டடிச் சொற்கள். இங்கே, அங்கே என்பதுபோல் இ, அ, உ வரிசையில் நிற்பவை. உம்பரை மட்டும் தனியே பிடுங்கி இலத்தீனோடு சேர்த்தால் இம்பரையும் அம்பரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? தவிர, உம்பர் என்றால் தேவர். 'உம்பர்க்குரல்' என்று தலைப்பிட்டால் படிக்கிறவர் அசரீரி என்றுதான் நினைப்பார்.

'மேற்குரல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதையும் விலக்க வேண்டும். மேல்+குரல் என்று நாம் பிரிப்போம். மேற்கு+உரல் என்றும் பிரியும். குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தால் இதே வடிவம்தான்.

என் பரிந்துரை உச்சக்குரல்.

பேரா. ச. வே. எழுதியது:

உச்சம் வடசொல் என்பார் பலர். உச்சி தமிழ் என்பதால் உச்சமும் தமிழே என்பேன் நான். ஆனால் அந்த வழக்கு முடிய இந்த வெள்ளிக்கிழமை போதாது.

வா. க. (சென்னை, வாய்ப்பாட்டு ஆசிரியை) எழுதியது:

நண்பர்களே, ஒரு பாட்டு வாத்தியாரின் சங்கடத்தையும் கேளுங்கள். ஏழிசையில் முதலாவதன் பெயரே குரல். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஆகவே 'உச்சக்குரல்' என்று என் மாணவியிடம் சொன்னால் மேல் ஷட்ஜத்தைப் பிடிப்பாள். தமிழிசை படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

எங்கள் புழக்கத்தில் ஒருத்தியின் குரலைச் சொல்ல 'ஐந்தரைக் கட்டை', 'நாலரைக் கட்டை' என்போம். ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்த வழக்கு. ஆனால் அது சுருதி எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்லும். மேலே எவ்வளவு தூரம் போவாள், எவ்வளவு கனம் தாங்குவாள் என்பதைச் சொல்லாது. அதனால் கட்டையும் இங்கே உதவாது.

ந. கு. (கோல்ன்) எழுதியது:

வணக்கம் ஐயா, அக்கா, எல்லோருக்கும்.

முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். ஓபரா அரங்கின் மலிவான மேல்மாடி டிக்கெட்டில் நின்று கேட்டுப் பழகியவன். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

முதலில் ஃபாக். என் பிள்ளைகளின் பள்ளி அட்டவணையில் கணக்கு ஒரு ஃபாக், வரலாறு ஒரு ஃபாக். வீட்டு அலமாரியின் தட்டும் ஃபாக்தான். பாடகர்களின் உலகில் அது பிழைப்புச் சொல். எந்தத் தட்டில் இருக்கிறாயோ அந்தத் தட்டின் வேடங்களைத்தான் அரங்கு உனக்குக் கொடுக்கும்.

அடுத்தது, நீங்கள் எல்லோரும் உயரத்தையே பேசுகிறீர்கள். ஹோக்டிராமாட்டிஷ் என்பதில் உயரம் பிரச்சினையே இல்லை. மோட்சார்ட்டின் 'மந்திரக் குழல்' (1791) ஓபராவில் வரும் இரவு ராணிதான் மிகமிக உயரம் போகிறவள். மேல்நாட்டுச் சுரப் பெயரில் சொன்னால், நடு சி-யிலிருந்து இரண்டு தாயிகள் தாண்டி மேல் எஃப் வரை. அவள் ஹோக்டிராமாட்டிஷ் இல்லை. ஐசோல்டே அவளைவிடக் கீழேயே நிற்கிறாள். ஆனால் பெரிய வாத்தியக் கூட்டம் முழங்கும்போது, மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அதுவும் நான்கு மணி நேரம். இரவு ராணிக்கு இரண்டே பாட்டு.

இந்த வேறுபாடு ஒலிப்பதிவுகளில்தான் எனக்குத் துலங்கியது. 1952-இல் ஃபுர்ட்வெங்லர் வாத்தியக் குழுவை நடத்திப் பதிந்த வாக்னரின் 'டிரிஸ்டானும் ஐசோல்டேயும்'. ஐசோல்டே, கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். அந்த நூற்றாண்டின் மாபெரும் வாக்னர் குரல்களில் ஒன்று. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இரண்டாம் அங்கத்தில் டிரிஸ்டான் ஓடிவந்து தழுவும் இடத்தில் ஐசோல்டேக்கு இரண்டு மேல் சி உண்டு. அந்த இரண்டை மட்டும் பாடியவர் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப். அப்படியானால் அந்தப் பதிவில் 'உச்சம்' யாருடையது? ஐசோல்டே யார்? என்னைக் கேட்டால் சந்தேகமே இல்லை, ஃபிளாக்ஸ்டாட்தான். உச்சம் இரவல். கனம் சொந்தம்.

ஆகவே ஒரே சொல்லுக்குள் உயரத்தையும் கனத்தையும் போட்டு மூடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பேரா. ச. வே. எழுதியது:

தம்பி, உங்கள் மடல் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. வலிவு என்றால் மேல் தாயி. வலிமை என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

ந. கு. எழுதியது:

இரண்டும் ஒரே சொல்லில் கிடைப்பதுதான் ஐயா ஆபத்து. இரவு ராணியும் வலிவுக்குரல், புரூன்ஹில்டேயும் வலிவுக்குரல் என்றாகிவிடும். பத்து ஆண்டு பாடம் படித்த பிள்ளை, தன் தட்டு எது என்று தெரியாமல் கனமான வேடத்தை முந்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது இங்கே பாடகர்களின் நிரந்தர அச்சம். அந்த அச்சத்தைச் சொல்லத்தான் இந்தச் சொற்கள் பிறந்தன.

வா. க. எழுதியது:

நண்பர் சொன்ன மைக் விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இரவு முழுக்க அதே நினைவு.

நம் நாடக மேடையில் ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் இதே தேவை இருந்தது. கே. பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டைப் போட்டுக் கேளுங்கள். சொல்லின் முதல் எழுத்திலேயே குரலை முழுதாக வைத்துவிடுவார். அடுத்த எழுத்துக்காகச் சேமித்து வைப்பதில்லை. திறந்தவெளியில், கொட்டகையின் கடைசித் தூணில் சாய்ந்து நிற்கிறவனுக்கும் பாடிய பழக்கம் அது. இதை என் அம்மா 'எடுப்பான குரல்' என்பார். இலக்கண உரைகளிலும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலியைச் சொல்வதுண்டே. எடுப்புக்குரல் என்று ஹோக்டிராமாட்டிஷுக்கு வைக்கலாமா? கேட்டவுடன் விளங்கும். கண்டுபிடித்த சொல்லாக இராது.

த. இ. எழுதியது:

அழகான சொல் அக்கா. ஆனால் 'எடுப்பு' இன்று ஆடைக்கும் நிறத்துக்கும் போய்விட்டது. 'எடுப்பாக இருக்கிறது' என்றால் பார்வைக்கு என்றுதான் பொருள். கீர்த்தனையில் பல்லவியின் பெயரும் எடுப்பு. மறுபடி அதே குழப்பம்தானே?

'கனத்த குரல்' ஆகாது. தமிழில் அது கட்டைத் தொண்டை ஆண்குரல். 'ஓங்குகுரல்' நல்ல வினைத்தொகை, ஆனால் ஓங்கிக் கத்துவது நினைவுக்கு வரும். வீறு எப்படி? வேறொன்றுக்கில்லாத சிறப்பு என்று பொருள். மிடுக்கும் உண்டு.

கு. பா. (மென்பொருள் தமிழாக்கம்) எழுதியது:

மடல் நிறைய ஓடியிருக்கிறது. நடைமுறையிலிருந்து ஒன்று.

படிக்கிறவர் அந்தப் பதிவைத் தேடிக் கேட்க வேண்டும் என்பதுதானே கட்டுரையின் பயன்? இசைத்தட்டின் உறையிலும் இணையத்திலும் இருப்பது சொப்ரானோ. உச்சக்குரல் என்று தேடினால் எதுவும் வராது. வயலினை நாம் வயலின் என்றே வைத்துக்கொண்டோம். கர்நாடக இசைக்கு ஒரு குறையும் வரவில்லை. வடசொல்லைக் கொள்வதற்குத் தொல்காப்பியர் வழி சொன்னார்: அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுது. சொ மொழிமுதல் வரும். 'ப்ர' மட்டும் உறுத்துகிறவர்கள் சொப்பிரானோ என்று எழுதட்டும்.

பேரா. ச. வே. எழுதியது:

அயல் எழுத்தை ஒருவச் சொன்னவர், தமிழில் சொல் இருக்கும்போது தேடாதே என்று சொல்லவில்லை. வயலின் ஒரு பொருள்; கப்பலில் வந்து இறங்கியது, பெயரோடு வந்தது. பெண்ணின் குரல் எந்தக் கப்பலிலும் வரவில்லை. தாலாட்டுப் பாடிய நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறது. அதற்கு இத்தாலியிலிருந்து பெயர் கடன் வாங்குவது எனக்கு உவப்பில்லை.

ஃபாக் என்பதற்கு மட்டும் ஒன்று தோன்றுகிறது: திணை. அகத்தின் ஐந்திணைகளுக்கும் நிலம், பொழுது, யாழ், பண் உண்டு. இங்கே ஒவ்வொரு குரலுக்கும் தனி வேடம், வயது, குணம். ஒழுக்கம் என்ற பொருளும் பொருந்துகிறது. திணை மயக்கமும் உண்டா என்று கோல்ன் தம்பி சொல்ல வேண்டும்.

ந. கு. எழுதியது:

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. மயக்கம் நிறைய உண்டு. ஒலிப்பதிவு வரலாறே பாதி திணை மயக்கம்தான்.

ரெஜின் கிரெஸ்பன், ஷோல்ட்டி நடத்திய வாக்னரின் 'வால்கூரே' பதிவில் (1965) ஸீக்லிண்டே. பிர்கிட் நில்சன் அதில் புரூன்ஹில்டே. அடுத்த ஆண்டு கரயான் அதே ஓபராவைப் பதிந்தபோது அதே கிரெஸ்பன் புரூன்ஹில்டே ஆகிவிட்டார். ஸீக்லிண்டேயாக வந்தவர் மென்குரல்காரி குண்டுலா யானோவிட்ஸ். கரயானுக்கு வேண்டியிருந்தது நுட்பமான, சிறிய வார்ப்பு. லூசியா போப், கிளெம்பரரின் 1964 'மந்திரக் குழல்' பதிவில் இரவு ராணி. 1981-இல் ஹைட்டிங்க் பதிவில் அந்த ராணியின் மகள் பமீனா. தாயாகப் பாடியவர் பதினேழு வருடம் கழித்து மகளாகப் பாடுகிறார்!

எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது, கார்லோஸ் கிளைபர் டிரெஸ்டனில் 1980 முதல் 1982 வரை பதிந்த 'டிரிஸ்டான்'. ஐசோல்டே, மார்கரெட் பிரைஸ். மோட்சார்ட் பாடிப் பெயர் பெற்றவர். மேடையில் ஒருநாளும் ஐசோல்டே பாடவில்லை. பாடியிருக்கவும் முடியாது என்பார்கள். வாத்தியக் கூட்டம் மூழ்கடித்துவிடும். மைக் முன்னால் அந்தக் கனம் தேவையில்லாமல் போனது. கடைசிப் பாட்டில் சொல்லின் ஓரம் ஒவ்வொன்றும் பனித்துளிபோல் கேட்கிறது; நில்சன் பெய்ரோய்ட்டில் 1966-இல் ரசிகர் முன் பாடிய பதிவில் அது எஃகுபோல் நெடுக நிற்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இருவருக்கும் ஒரே பெயர் சூட்டினால் வாசகருக்கு நான் பொய் சொல்கிறேன்.

திணை மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதழ் வாசகருக்கு உயர்திணை, அஃறிணைதான் முதலில் நினைவுக்கு வரும்.

வா. க. எழுதியது:

சற்று விலகிப் போகிறேன், மன்னிக்கவும். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தகட்டில் எடா மோசர் பாடிய இரவு ராணி பாட்டு இருக்கிறது, சவாலிஷ் நடத்தியது. அதே தகட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாட்டும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு மாணவிகளுக்குக் கேட்கக் கொடுத்தேன். "எது உயர்ந்தது?" என்று நான் கேட்டதற்கு ஒரு சிறுமி, "எதில் உயர்ந்தது டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டாள். எங்கள் ஊர்ப் பாட்டில் குரலுக்கு இப்படித் தட்டு கிடையாது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் தனித்தனியாக இருக்கலாம். நம் பாடகர் தன் சுருதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பாடுகிறார். தேவை இல்லாத இடத்தில் சொல் பிறக்காமல் போனதில் வியப்பில்லை.

இரா. மு. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை அனுப்பியாக வேண்டும். மடல்களை எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலோர் ஒப்பியது இவ்வளவுதான்:

முதல் இடத்தில் 'சொப்ரானோ என்னும் உச்சக்குரல்', அதன்பின் முழுக்கச் சொப்ரானோ. ஃபாக், குரல்வகை. ஹோக்டிராமாட்டிஷ், வீறார்ந்த சொப்ரானோ. வா. க. சொன்ன 'எடுப்பான குரல்' என்பதை நில்சனை வருணிக்கும் பத்தியில் விளக்கமாகச் சேர்த்திருக்கிறேன். ஃபிளாக்ஸ்டாட்டின் இரண்டு மேல் சி பற்றி மூலத்தில் ஒரு வரிதான், ந. கு. அவர்களின் மடலைப் பார்த்து அதை அடிக்குறிப்பிலிருந்து மேலே கொண்டுவந்துவிட்டேன்.

பேரா. ச. வே. எழுதியது:

அம்மா, நேரத்துக்கு அனுப்புங்கள், குறையில்லை. என் மாறுபாட்டைக் குழும ஆவணத்தில் குறித்துவையுங்கள்: வலிவு இருக்க உச்சம் தேவையில்லை, வீறு மேடைப் பேச்சுக்கு உரியது. கோல்ன் தம்பி சொன்ன இரண்டு ஐசோல்டேக்களையும் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான். மார்கரெட் பிரைஸை இரண்டு முறை கேட்டேன்.

த. இ. எழுதியது:

பேத்தோவனின் 'ஃபிடேலியோ' ஓபரா பற்றிய பகுதியை அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிளெம்பரரின் 1962 பதிவில் லியோனோரேயாகப் பாடிய கிறிஸ்டா லூட்விக் மெட்சோ சொப்ரானோ (சொப்ரானோவுக்குச் சற்றுக் கீழான பெண்குரல்) அல்லவா? மெட்சோவுக்கு நாம் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லையே.