எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் கணினி தொடங்க மூன்று நிமிடம் ஆகிறது

ஆத்தங்குடிப் பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) பட்டறை நடத்துகிறோம். ஆர்டர் கணக்கு, கூலிக் கணக்கு, பூ அச்சுகளின் படங்கள் யாவும் 2019-இல் வாங்கிய ஒரே மேசைக் கணினியில்தான் இருக்கின்றன. ஆடி மாதத்தில் அதில் 256 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்தி, விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினோம். பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஆறு ஆண்டுக் கணக்கு இருப்பதால் அதைக் கழற்றவில்லை.

பொத்தானை அழுத்தியதிலிருந்து முகப்புத் திரை வரும்வரை கைபேசியில் நேரம் பிடித்துப் பார்த்தேன். 2 நிமிடம் 50 நொடி ஆகிறது. அதில் பெரும்பகுதி மதர்போர்டின் சின்னம் மட்டும் திரையில் நிற்கிறது. உள்ளே வந்துவிட்டால் எல்லாம் விரைவாக நடக்கிறது. தானாகத் தொடங்கும் மென்பொருள்களை நிறுத்தியும், எஸ்.எஸ்.டி.யை வேறொரு மென்பொருளால் டிஃப்ராக் செய்தும் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தியும்) பயனில்லை. எஸ்.எஸ்.டி. பழுது, புதிது வாங்குங்கள் என்று இங்கே சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

காரைக்குடி ரிப்பேர் மேசை:

தம்பி, இப்போது எதையும் வாங்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. பழுதாக இருந்தால் உள்ளே வந்த பிறகும் கணினி திணறும்; நீங்கள் சொல்வது அதற்கு நேர்மாறாக இருக்கிறது. சின்னம் நிற்கும் நேரத்தில் விண்டோஸ் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டின் உள்நிரலான பயாஸ், தன்னோடு இணைந்த சாதனங்களை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே தானாகத் தொடங்கும் மென்பொருள்களுக்கும் அந்தத் தாமதத்திற்கும் தொடர்பே இல்லை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் ஓரத்தில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று காட்டும் எண்ணைச் சொல்லுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்', அதாவது விண்டோஸைத் தொடக்கும் கோப்புகள் உள்ள துவக்கப் பகுதி, எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு ஹார்டு டிஸ்க்கின் கேபிள்களைக் கழற்றி ஒருமுறை தொடங்கிப் பாருங்கள்.

எஸ்.எஸ்.டி.யை இனி டிஃப்ராக் செய்யாதீர்கள். அதனால் வேகம் கூடாது, எழுதும் ஆயுள்தான் வீணாகும். அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிக்கச் சொல்லி விண்டோஸ் தானே அனுப்பும் ட்ரிம் கட்டளை போதும்.

ஆத்தங்குடிப் பட்டறை:

பயாஸ் நேரம் 131.4 நொடி என்று காட்டுகிறது. நீங்கள் கேட்ட பார்ட்டிஷன் பழைய ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது, எஸ்.எஸ்.டி.யில் இல்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் சின்னம் உடனே மறைந்தது. ஆனால் துவக்கச் சாதனம் இல்லை என்ற வாசகம் வந்து அப்படியே நின்றுவிட்டது. பயந்துபோய் மறுபடி மாட்டிவிட்டேன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டால், சின்னம் நிற்கும் நேரம் முழுவதும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று ஓசை வருகிறது.

தேவகோட்டை ஆசிரியை:

அந்த ஓசையைக் கேட்ட பிறகு வேகத்தை மறந்துவிட்டு முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இதே ஓசையை அலட்சியம் செய்து ஒரு டிஸ்க்கை முழுதாக இழந்திருக்கிறோம். இன்றே வேறொரு வெளி டிஸ்க்கில், கணக்குக் கோப்புகளை முதலிலும் படங்களைப் பிறகும் நகலெடுங்கள். அது முடியும்வரை செக்டிஸ்க் என்ற பிழைதேடும் நிரலை ஓட்ட வேண்டாம். சாகும் நிலையிலுள்ள டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 என்ற வரியில் சுழியம் அல்லாத எண் இருந்தால், படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) இருக்கின்றன என்று பொருள்.

நடந்தது இதுதான். விண்டோஸை நிறுவியபோது இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்ததால், நிறுவும் நிரல் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த துவக்கப் பகுதியையே பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் புது வீட்டில் இருக்கிறது, வாசல் சாவி மட்டும் பழைய வீட்டில் இருக்கிறது.

நகலெடுத்த பிறகு, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி அனுமதியுடன் டிஸ்க்குகளைப் பிரிக்கும் நிரலான டிஸ்க்பார்ட்டைத் திறந்து, சி டிரைவை 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். அடுத்து, துவக்கக் கோப்புகளை நகலெடுக்கும் பிசிடிபூட் கட்டளையில் மூலமாக சி டிரைவின் விண்டோஸ் கோப்புறையையும், இலக்காக எஸ் டிரைவையும், வகையாக யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) என்பதையும் கொடுங்கள். எந்த டிஸ்க் எண் எது என்று டிஸ்க்பார்ட்டில் இருமுறை சரிபாருங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தால் திரும்பப் பெற முடியாது. கை நடுங்கினால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யில் மட்டும் விண்டோஸை மறுபடி நிறுவுவதே நல்லது.

ஆத்தங்குடிப் பட்டறை:

அக்கா, ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நகலெடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. பிறகு அக்கா சொன்ன வரிசையிலேயே செய்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தொடங்கினேன். இப்போது மொத்தம் 21 நொடி. அதில் பயாஸ் நேரம் 9.6 நொடி. 2021 கூலிக் கணக்கில் மூன்று கோப்புகள் மட்டும் படிக்கவில்லை. அவற்றின் அச்சுப் பிரதி அப்பாவின் பெட்டகத்தில் இருந்ததால், அதைப் பார்த்து மறுபடி பதிந்துகொண்டிருக்கிறோம்.